முப்பத்தோராம் நாள்

போனில் பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்பதை அவர் மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருபத்தாறு வருடம் வார்டில் நின்றவள் நான். இதயம் தளர்ந்தவர்கள் ஒரு வாக்கியத்தை ஒரே இழுப்பில் முடிக்க மாட்டார்கள். நடுவில் ஓர் இடத்தில் நிற்பார்கள், எச்சில் விழுங்குவதுபோல் சமாளிப்பார்கள், பிறகு தொடர்வார்கள். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பதற்குள் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று எண்ணினாலே போதும், நுரையீரலில் எவ்வளவு நீர் கட்டியிருக்கிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். இந்தக் கர்வத்தை என் கூடப் பிறந்த அக்காவே உடைத்தாள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரைத் திட்டுவது என்பதுதான் இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

முழங்கால் தேய்ந்து வார்டில் ஓடியாட முடியாமல் போன பிறகு என்னை டிஸ்சார்ஜ் மேசையில் உட்கார வைத்தார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு. வீட்டுக்குப் போகிறவர்களிடம் எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும், உப்பை எப்படிக் குறைக்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. சும்மா உட்கார்ந்து பேசுகிற வேலை என்று வார்டுக்காரிகள் கிண்டல் செய்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் அந்த விதி வந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு காப்பீட்டு அட்டையைக் காட்டித்தான் படுப்பார்கள். அந்தத் திட்டக்காரர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிய நோயாளி முப்பது நாளைக்குள் அதே நோயோடு திரும்பி வந்து படுத்தால் ஆஸ்பத்திரிக்கு அபராதம். சரியாகக் குணமாகாமல் அவசரமாக அனுப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதைப் பற்றிப் பேச மாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் மூத்த டாக்டர் கடுமையாக எதிர்த்தார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அந்தக் காலத்து மனிதர், ஊசியை எடுத்துக் கொடுக்கிற நர்ஸுக்கு இன்றைக்கும் நன்றிக்குப் பதில் "மெர்சி" சொல்வார். "ஹார்ட் பெயிலியர்காரன் திரும்பி வர்றதுதாங்க அந்த நோயோட குணம். அவன் வீட்டு உப்புக்கும் அவன் மாடிப்படிக்கும் நாம எப்படிப் பொறுப்பு? அபராதம் நமக்குப் போடுறாங்க சரி. நாம அத யார்கிட்ட எறக்கி வைப்போம்னு யோசிச்சிப் பாருங்க," என்றார். நிர்வாகத்திலிருந்து வந்தவர் சிரித்தபடி, "யாரும் திரும்பி வராம பாத்துக்கிட்டா போச்சு டாக்டர்," என்றார். "கதவ நல்லா சாத்தினாக்கூட யாரும் திரும்பி வரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் டீயை எடுத்துக்கொண்டார்.

நான் எழுந்து விதிக்கு ஆதரவாகப் பேசினேன். இதை மறைக்கப்போவதில்லை. கட்டில் காலியாக வேண்டும் என்பதற்காக நுரையீரலில் நீர் முழுதும் வடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலாம் நாளே அவர்கள் வாயைத் திறந்துகொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். "அபராதம் போட்டாத்தான் டாக்டர் நம்மளுக்குப் புத்தி வரும்," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூத்த டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் சில மாதம் நான் சொன்னபடியே நடந்தது. இளம் டாக்டர்கள் கையெழுத்துப் போடுமுன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இன்னொரு முறை கேட்டார்கள். ஒரு நாள் கூடுதலாக வைத்து அனுப்பினார்கள். என் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை வந்தது. வீட்டுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் இன்று எத்தனையாவது நாள் என்று எண். வாரம் ஒரு முறை பதினொரு மணிக்கு நான் போன் செய்வேன். நாலு கேள்வி. கால் வீங்கியிருக்கிறதா, எடை ஏறியதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். நீர் ஏற ஏறத் தலையணையும் ஏறும், கடைசியில் படுக்கவே முடியாமல் உட்கார்ந்து தூங்குவார்கள். யாராவது முப்பது நாளைக்குள் திரும்பி வந்தால் அந்த அட்டையில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டப்படும். வட்டத்துக்குக் கீழே, வீட்டுக்கு அனுப்பிய சிஸ்டரின் பெயர். அதாவது என் பெயர்.

பிறகு அவசரப் பிரிவின் கோடியில் பச்சைத் திரைக்குப் பின்னால் ஆறு சாய்வு நாற்காலிகள் வந்தன. யார் யோசனை என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். அதற்குப் பெயர் அப்சர்வேஷன். அங்கே உட்காரவைத்து ஊசி போட்டு, சிறுநீர் போனதும் வீட்டுக்கு அனுப்பலாம். படுக்கை கொடுத்தால்தான் அட்மிஷன், நாற்காலி கொடுத்தால் கணக்கில் வராது. முப்பது நாள் முடியாதவர்கள் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் போனார்கள்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீன்பிடிக்கிறவர் வருவார். பன்னிரண்டாம் நாள் வந்தார், நாற்காலி. பதினாலாம் நாள் வந்தார், மறுபடி நாற்காலி. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். போகும்போது என் மேசைப் பக்கம் நின்று, "முப்பதுக்கப்பறம் வந்தா கட்டில் உண்டாம்மா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தோராம் நாள் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, "இனிமே இந்த நம்பருக்குக் கூப்புடாதீங்கம்மா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அட்டையைக் கழற்றி எடுத்தேன். அதில் சிவப்பு வட்டம் இல்லை. அந்த மாதம் எங்கள் பிரிவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், ஒரு பெட்டி இனிப்பும் வந்தது. நானும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அவள் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். மாமா மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடிய சில வருடத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் வளைகுடாவில். நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் தரையோடு தரையாக இருக்கும் வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் ஐம்பதைத் தாண்டியும் அவளுக்கு இன்னும் பாப்பாதான். தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும், "எங்க பாப்பா ஆசுபத்திரில பெரிய சிஸ்டரு, கேட்டுச் சொல்றேன்," என்பாள். என் வெள்ளை உடுப்பைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையைவிட அவளுக்கு அதிகம்.

ஆடி பிறந்த சமயம் அவளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். எட்டு நாளில் நீரெல்லாம் வடிந்து கால் பழையபடி ஆனது. அவளை வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்திட்டவள் நான்தான். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மற்ற நோயாளிகளைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். உப்பு கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. அப்ப நான் குப்பையத்தான் திங்கணுமா?" என்றாள்.

"தின்னு. முப்பது நாளைக்குள்ள நீ திரும்பி வந்து படுத்தேன்னு வையி, பின்னால பாரு அந்தப் பலகை, என் பேருக்குச் சிவப்பு விழும். இருபத்தாறு வருஷம் எடுத்த பேரு. ஒன் கருவாட்டுக்காக அது போவணுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பலகையை ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றைக்கே இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். போனில் நோயாளிகள் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். பேசும்போது நடுவில் நின்றால் பிடித்துவிடுவேன் என்றேன். "கெட்டிக்காரிதான்," என்றாள்.

வாராவாரம் பதினொரு மணிக்கு அவளுக்கும் போன் செய்தேன். அக்கா என்பதால் எதையும் விடவில்லை, நாலு கேள்வியும் கேட்பேன். கால் வீங்கியிருக்கா? "இல்ல." மாத்திரை? "ம்." எடை? "அதேதான்." எத்தனை தலையணை? "ஒண்ணு." ஒரு வார்த்தைக்குமேல் பேசமாட்டாள். அடுப்பில் வேலையாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தைக்குள் எங்கே நிற்பது? நான் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன்.

போன் செய்துவிட்டால் நேரில் பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது என்பது இந்த வேலையின் சாபம். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்குப் போவேன். அந்த மாதம் ஒரே ஒரு முறைதான் போனேன். அது வீராம்பட்டினம் தேருக்கு அடுத்த ஞாயிறு. வருடா வருடம் தேர் பார்க்கப் போகிறவளை அந்த முறை கூட்டம் வேண்டாம் என்று நான்தான் தடுத்திருந்தேன். சந்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்து, அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை தெரு முழுக்க நின்றது. "நீ குடிச்சியா?" என்று மிரட்டினேன். "ஆத்தா கூழ வேணாம்னு சொல்லலாமா? ஒரு வாய்," என்றாள். "வெறும் கூழா?" என்றேன். வெறும் கூழ் என்றாள்.

புடவையைப் பாதம் வரை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து எனக்குக் காபி போடப் போகவில்லை. அது எனக்கு உறைத்திருக்கவேண்டும். கிளம்பும்போது வாசலில் அவள் செருப்பைப் பார்த்தேன். மாமாவின் பழைய ரப்பர் செருப்பு. "இன்னா இது, மாமா செருப்பெல்லாம் போட்டுக்கிட்டுத் திரியிற? இத்தினி வருஷம் கழிச்சி ஆசையா?" என்று கேலி செய்தேன். "என்னுது வாரு அந்துடுச்சி," என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன், பாயில் ஒரே ஒரு தலையணை கிடந்தது. திருப்தியாக வந்துவிட்டேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை என் காதருகேதான் அடித்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை, ஏழரை மணி இருக்கும். அப்போதுதான் நான் பையை வைத்துவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் மஞ்சள் துணிப்பை, அதில் மாற்றுப் புடவை, டம்ளர், சீப்பு. காலில் மாமாவின் செருப்பு, அதுவும் குதிகால் வெளியே நிற்க. உதடு நாவல்பழம் தின்றவள்போல் இருந்தது. கதவிலிருந்து என் மேசை இருபது தப்படி இருக்கும். மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். வந்து உட்கார்ந்ததும் சிரித்தாள்.

"முடிஞ்சிடுச்சி பாப்பா. இன்னைக்கி... முப்பத்தொண்ணு. நானும்... பல்லக் கடிச்சிக்கிட்டு... ஒனக்கு ஒண்ணும் வராது இல்ல?"

எனக்கு முதலில் புரியவில்லை. என் பேருக்குச் சிவப்பு விழக் கூடாது என்று நாள் எண்ணிக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். அட்மிஷன் கவுண்டர் பெண் அதற்குள் அட்டை நம்பரைத் தட்டிவிட்டாள். திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "சிஸ்டர், இன்னைக்கி முப்பதுதான் காட்டுது," என்றாள்.

நம் வீடுகளில் நாள் எண்ணுகிற முறை வேறு. பிள்ளை பிறந்தாலும் சரி, ஆள் செத்தாலும் சரி, அந்த நாளையே ஒன்று என்று வைத்துத்தான் எண்ணுவோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளும் சேர்த்திதான். அக்கா வீட்டுக்குப் போன நாளை ஒன்று என்று வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு அது சைபர். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தாண்டியதாக நினைத்த கோடு இன்னும் ஒரு நாள் தள்ளி இருந்தது.

"அப்சர்வேஷன்ல உக்கார வெச்சிட்டு நாளைக்கிக் காலைல அட்மிஷன் போட்டுக்கலாமே சிஸ்டர். ஒரு நாள்தானே. டியூட்டி டாக்டரும் அங்கதான் இருக்காரு," என்றாள் அந்தப் பெண். நல்ல பெண். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

அக்காவுக்கும் காதில் விழுந்துவிட்டது. "நான் வேணா... வீட்டுக்குப் போயிட்டு... நாளைக்கே வர்றேன் பாப்பா," என்று பையை எடுத்தாள்.

இந்த இடத்தில், நான் கத்தினேன், கட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் தலையசைத்தேன். அந்தப் பெண்ணின் யோசனைக்குத் தலையசைத்தேன். ஊசி போட்டால் சரியாகிவிடும், வார்டிலும் அதே ஊசிதான், ஒரே ஒரு நாள், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சிவப்பு வட்டத்தை நான் அப்போது நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பச்சைத் திரையை விலக்கி அவளை உட்காரவைத்தேன். காலைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. எத்தனை நாளாக என்று கேட்டேன். "கூழு ஊத்துறதுக்கு... முன்னாடியே. அன்னைக்கி... கருவாடும் போட்டுக்கிட்டேன்," என்றாள். பத்து நாளுக்கு மேல்.

ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் என் மேசைக்குத் திரும்பி வேலை பார்த்தேன். பதினொரு மணிக்கு வரிசையாகப் போன் செய்தேன். எத்தனை தலையணை, எத்தனை தலையணை என்று அன்றைக்கும் ஊர்க்காரர்களை எல்லாம் கேட்டேன்.

அந்த ஊசிக்குச் சிறுநீர் அடிக்கடி வரும். வார்டில் என்றால் கட்டிலருகே பாத்திரம் இருக்கும், மானிட்டர் இருக்கும், அழைத்தால் வர ஆள் இருக்கும். திரைக்குப் பின்னால் ஆறு பேருக்கு ஒரே நர்ஸ். மதியம் அந்த நர்ஸ் சாப்பிடப் போன நேரத்தில், யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று அக்கா ஆக்ஸிஜன் குழாயைத் தானே கழற்றி வைத்துவிட்டு, நடைபாதைக் கோடியில் இருக்கும் கழிவறைக்கு எழுந்து நடந்திருக்கிறாள். பாதி வழியில் விழுந்தாள். நான் ஓடிப்போனபோது வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்த நுரையை எத்தனையோ வாயில் துடைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறொருத்தி துடைத்தாள்.

பதினாறு நாள் கிடந்தாள், அதில் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மூத்த டாக்டர்தான் பார்த்தார். ஒரு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னிடம், "போன தடவ பாத்த ஹார்ட் இல்ல இது. பம்பிங் இன்னும் கீழ எறங்கிடுச்சி. இன்னொரு தடவ இப்பிடி ஆனா தாங்காது," என்றார். அந்தக் கூட்டத்தில் நான் பேசியதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அக்காவுக்குத் தொண்டைக் குழாயை எடுத்துப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. "சிவப்பு போட்டுட்டாங்களா?" என்றாள். ஆமாம், அன்று மதியமே அட்மிஷன் போட்டார்கள், முப்பதாம் நாள் கணக்கில் வட்டம் விழுந்துவிட்டது. இல்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒரு நாளு... இன்னும் ஒரே ஒரு நாளு... தாங்காம போச்சே இந்த ஒடம்பு. ஒனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன் பாப்பா," என்று அழுதாள். நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். அதற்காக என்மேல் அவளுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் நாலைந்து புடவைகளை மடித்து மெத்தைபோல் போட்டிருந்தாள், தலை சாய்க்கும் இடம் குழிந்திருந்தது. பாயில் அந்த ஒற்றைத் தலையணை எண்ணெய்க்கறை இல்லாமல் புதிதாகக் கிடந்தது. அது எனக்குக் காட்டுவதற்காக விரித்த படுக்கை. சுவரில் தினசரிக் காலண்டர். தேதி கிழிப்பதோடு நிற்காமல் அதன் அட்டையில் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கடைசி எண்கள் கோணல்மாணலாக இருந்தன. போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "11 மணி. மூச்சு இழுத்துக்கிட்டு எடுக்கணும். ஒரு வார்த்தை." ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளின் கையெழுத்து. அந்தச் சீட்டைக் கிழித்தேன். காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். இனி இந்த வீட்டில் யாரும் நாள் எண்ணக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த விதியைப் பற்றி இன்னொரு கூட்டம் நடந்தது. நாற்காலிகளும் கணக்கில் வரவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். விதியையே எடுக்கவேண்டும் என்று சிலர். எடுத்துவிட்டால் பழையபடி நாலாம் நாள் ஆட்டோக்கள் வரத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தால் என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சிஸ்டர் என்று கேட்டார்கள். அபராதம் படி இறங்கி இறங்கிக் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். விதி அப்படியேதான் இருக்கிறது.

அக்காவை என் வீட்டுக்கு அழைத்தேன். என் வீடு முதலியார்பேட்டையில் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அவள் இதயத்துக்கு அந்தப் படிகள் ஆகாது என்று டாக்டரே தடுத்தார். மறுபடி நெல்லித்தோப்புக்கே போனாள், மறுபடி பலகையில் அட்டை ஏறியது, மறுபடி சைபரிலிருந்து. இந்த முறை போனை நம்பவில்லை. தினமும் வேலை முடிந்து நேராக அங்கே போய்க் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்குத் தொற்றினால் ஆபத்து என்று நாலு நாள் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தேன். பதினொரு மணிவரை காத்திருக்கவில்லை. ஒன்பதேகாலுக்கே, அவள் மூச்சு இழுத்துத் தயாராகாத நேரத்தில், கூப்பிட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"அக்கா, நான்தான். காலு எப்பிடி இருக்குது?"

போன் வழியே சந்தில் காய்வண்டிக்காரரின் குரல் கேட்டது.

"பாப்பா," என்றாள் பிறகு. "இன்னைக்கி... எத்தினியாவது நாளு?"

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அட்டையில் இருபத்தாறு.

"முப்பத்திரெண்டு ஆயிடுச்சிக்கா," என்றேன்.

"நம்ம கணக்கா... அவங்க கணக்கா?"

"அவங்க கணக்குதான். முந்தாநாளே முடிஞ்சிடுச்சி."

"அப்பாடா," என்றாள். பாரத்தை இறக்கி வைத்தவள்போலச் சொன்னாள். "அப்ப சொல்லிடுறேன். மூணு நாளா... படுக்க முடியல பாப்பா. ஒக்காந்துதான்... கெடக்குறேன். முட்டி வரைக்கும்... வீங்கிப்... போச்சி."

நாலு இடத்தில் நின்றாள். போனை வைக்காதே, பேசாதே, கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு உட்கார் என்றேன். மேசையிலிருந்த இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டேன். கவுண்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். சிவப்பு வட்டத்தை நானே எடுத்து ஒட்டி, கீழே என் பெயரை எழுதினேன்.

ஆம்புலன்ஸ் நெல்லித்தோப்புச் சந்து முனைக்கு வரும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் பேசவில்லை, பேசக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.